கோத்தகிரி ஜீப்பில் 31 அங்குல டயர்: கிரவுன் பினியன் மாற்றிய பிறகு

ஜீப் பழைய மஹிந்திரா எம்எம்540. பெஜோ எக்ஸ்டிபி டீசல், 2112 சிசி, டர்போ கிடையாது, நாலு கியர். வேலை என்று பார்த்தால் தேயிலைக் கொழுந்து மூட்டையைத் தோட்டத்திலிருந்து மேலே ரோட்டுக்கு ஏற்றுவது, அவ்வப்போது மேட்டுப்பாளையம் போய் உரம் எடுத்து வருவது. மழைக்காலத்தில் தோட்டத்துச் செம்மண் வழியில் 6.00-16 டயர் நின்ற இடத்திலேயே சுற்றும், அதனால்தான் 15 அங்குல ரிம்மும் 31க்கு 10.5 (உயரம் 31 அங்குலம், அகலம் 10.5) மட் டயரும் போட்டேன். பார்க்க நன்றாக இருக்கும் என்பதும் ஒரு காரணம், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

சேற்றில் பிடிப்பு அருமை. ஆனால் தார் ரோட்டுக்கு வந்ததும் வண்டி சோம்பேறி ஆகிவிட்டது. கோத்தகிரி மலைப்பாதையில் குஞ்சப்பனையிலிருந்து அரவேனு ஏறும்போது முன்பு மூன்றாவதில் இழுத்த இடமெல்லாம் இப்போது இரண்டாவது கேட்கிறது, இரண்டாவதில் சுகமாக ஏறிய வளைவில் கிளட்ச் வாசனை. மெக்கானிக் அண்ணன் டயரைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "தம்பி, இனி உங்க வண்டிக்கு மூணாவது கியர் மலையில இல்லைன்னு வெச்சுக்கோங்க."

கணக்கு எளிதுதான். பழைய டயர் உயரம் ஏறத்தாழ 29 அங்குலம், புதியது 31. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் முன்பைவிடச் சுமார் 16 செ.மீ. கூடுதலாக ஓடுகிறது, அதாவது 7 சதவீதம். தரையில் கிடைக்கும் இழுவை அதே அளவுக்குக் குறைகிறது. இதோடு மலை தன் பங்கையும் எடுத்துக்கொள்கிறது. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், ஊட்டி 2,200க்கு மேல், அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத டீசலுக்கு அந்த இழப்பு ஏற்கெனவே உண்டு, அதன் தலையில் நான் இன்னொரு 7 சதவீதம் ஏற்றி வைத்தேன். டயர் எடையும் சேர்த்துப் பாருங்கள், நின்ற வண்டியைக் கிளப்பும்போது அந்தக் கனத்தைச் சுற்ற வைப்பதும் என்ஜின் வேலைதான்.

லோ கியர் இருக்கிறதே என்று கேட்பார்கள். இந்த டிரான்ஸ்ஃபர் கேஸில் (கியர்பாக்ஸின் சுழற்சியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) முன் ஆக்சிலைச் சேர்த்தால்தான் லோ விழும். காய்ந்த தார் ரோட்டில் நாலு சக்கரமும் சேர்ந்தே சுற்றினால் வளைவில் ஸ்டியரிங் முறுக்கிக்கொண்டு நிற்கும், கியர்களுக்கும் நல்லதில்லை. அது சேற்றுக்குத்தான்.

மிச்ச வழி ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியனை மாற்றுவதுதான்: என்ஜின் பக்கத்திலிருந்து வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றும் சின்னப் பல்சக்கரம் பினியன், அது சுற்றும் பெரியது கிரவுன். சரி, இப்போது ஆக்சிலில் என்ன விகிதம் இருக்கிறது என்று பார்த்தேன். ஹவுசிங்கைத் திறக்காமலே பார்க்கலாம். பின் சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் போட்டு, டயரிலும் புரொப்பல்லர் ஷாஃப்டிலும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, இரண்டு சக்கரத்தையும் சேர்ந்தாற்போல் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால் அதை இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும், இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் பாதியைத் தின்றுவிடும். ஷாஃப்ட் ஐந்து சுற்றை முடிக்கக் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே நின்றது. அதாவது 4.88, கிரவுனில் 39 பல், பினியனில் 8. இந்த எண் கூடினால் இழுவை கூடும், பெரிய டயரோடு இது 4.56 போல வேலை செய்கிறது. இந்த ஜீப் வகையில் பழைய சிஜே3பி மாடல் காலத்து 5.38 உண்டு, 43க்கு 8. அதைப் போட்டால் 31 அங்குல டயரோடு 5.03, ஒரிஜினலைவிடச் சற்றே கூடுதல் இழுவை.

கோயம்புத்தூரில் ஜோடியாகவே தேடி வாங்கினேன், முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. பின்னால் மட்டும் மாற்றிவிட்டு முன்னால் பழையதை விட்டால் ஃபோர் வீல் போட்ட கணமே இரண்டு ஆக்சிலும் சண்டை போடும். ஒரு வண்டியின் கிரவுனும் இன்னொன்றின் பினியனும் சேரவே சேராது, ஒன்றாகத் தேய்ந்தவை ஒன்றாகவே இருக்க வேண்டும். அண்ணன் பல்லில் நீல மை தடவி, கையால் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழும் வரை ஷிம் என்கிற மெல்லிய தகட்டை மாற்றி மாற்றிப் போட்டார். முதல் தடவை தடம் பல்லின் ஓரத்தில் விழுந்தது. பல நூறு ரூபாய்க்கு வாங்கிய ஆயிலைவிட அந்தத் தகட்டுத் துண்டுகள்தான் வண்டியின் ஆயுசைத் தீர்மானிக்கின்றன. இடைவெளி சரியில்லை என்றால் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டதும் ஊளையிடும். புது 90 கியர் ஆயில் ஊற்றி, ஆரம்பத்தில் சுமை ஏற்றாமல் ஓட்டி, நின்று நின்று ஹவுசிங்கைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இருந்தது, கை வைக்க முடியாத சூடு இல்லை.

இப்போது அரவேனு ஏற்றத்தில் மூன்றாவது கியர் திரும்ப வந்துவிட்டது. ஸ்பீடாமீட்டரும் தானாகவே ஏறத்தாழச் சரியானது. அந்த கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருகிறது, டயர் மட்டும் மாற்றியபோது 40 என்று காட்டினால் உண்மையில் 43 போய்க்கொண்டிருந்தோம், இப்போது சற்றுக் கூட்டியே காட்டுகிறது. மேட்டுப்பாளையம் தாண்டிச் சமவெளியில் 70 போனால் என்ஜின் 2,500 சுற்றைத் தொடுகிறது, காது வலிக்கும். மலைக்காரனுக்கு அது பெரிய நஷ்டமில்லை.

இறக்கம்தான் இன்னும் பேச வேண்டியது. என்ஜின் பிடிமானம் கிரவுன் பினியனோடு திரும்பிவிட்டது, இரண்டாவதில் விட்டால் பழையபடி பிடித்துக்கொண்டு இறங்குகிறது. பிரேக் அப்படித் திரும்பாது. டிரம் சக்கரத்தோடு இருக்கிறது, ஆக்சிலுக்குள் எந்தப் பல்லைப் போட்டாலும் அதற்குத் தெரியாது. டயர் உயர்ந்த 7 சதவீதம் பிரேக்குக்கு அப்படியே நஷ்டம், கனமான டயரை நிறுத்த வேண்டியது தனி. மூட்டையோடு ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டி 36 கொண்டை ஊசியில் இறங்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. லைனிங், வீல் சிலிண்டர் எல்லாம் புதிதாகப் போட்டாயிற்று. பிரேக் மிதி இன்னும் கல்லாகத்தான் இருக்கிறது. மிதியை லேசாக்கும் வேக்யூம் பூஸ்டருக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறேன், கிளட்ச் கம்பி குறுக்கே வருகிறது, அதைத் திருப்ப முடியுமா என்று அண்ணன் அளந்துகொண்டிருக்கிறார்.