டானிக் வாங்குவதற்கு முன்னால் முளையைப் பாருங்கள்

மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்பு போட்டு, மழையும் பெய்து, முளைப்பு திட்டுத்திட்டாக வந்தால் எங்கள் தொண்டிப் பக்கத்தில் முதலில் விதையைக் குறை சொல்வார்கள், அடுத்து உரக்கடைக்குப் போய் வளர்ச்சி டானிக் கேட்பார்கள். முளைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அந்தக் காசை இரண்டு தடவை யோசித்துத்தான் எடுப்பார்கள்.

மண்ணைத் துளைத்து வரும் தண்டில் புதுச் செல்கள் பிறப்பதைவிட இருக்கிற செல்கள் நீள்வதுதான் அதிகம். செல்லுக்குள் நீர் ஏறி அழுத்தம் கூடுகிறது, கார் டயரில் அடைக்கும் காற்றழுத்தத்தைவிடவும் கூட இருக்கும். ஆனால் சுற்றியிருக்கும் செல்லுலோஸ் சுவர் இளகிக் கொடுத்தால்தானே நீள முடியும்? அந்த இடத்தில்தான் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் வருகிறது. செல் சவ்வில் இருக்கும் பம்புகளை அது முடுக்கிவிட, ஹைட்ரஜன் அயனிகள் வெளியேறி சுவரில் அமிலத்தன்மை ஏறுகிறது, ஏறியதும் எக்ஸ்பான்சின் என்ற புரதம் வேலையைத் தொடங்குகிறது. இது எதையும் வெட்டுவதில்லை, இழைகளுக்கு இடையே உள்ள பிடியை மட்டும் தளர்த்துகிறது, இழைகள் நகர்ந்து கொடுக்கின்றன. 1992இல் தாவர ஆய்வாளர் டேனியல் காஸ்குரோவின் குழு வெள்ளரி முளைகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தது. சூடுபடுத்தியதால் நீளும் திறனை இழந்த சுவர்த் துண்டில் இந்தப் புரதத்தைச் சேர்த்ததும் அது மறுபடி நீண்டது. செத்த சுவர்! எத்தனை தடவை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

சரி, நம் உவர் மண்ணுக்கு வருவோம். மண்நீரில் உப்பு கூடினால் வேர் நீரை இழுப்பதே கஷ்டம், செல்லுக்குள் அழுத்தம் குறைகிறது, கூடவே அப்சிசிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறித் தண்டின் வளர்ச்சியை அடக்குகிறது. மழை விட்டு வெயில் அடித்ததும் மேல்மண் பொருக்கு கட்டிவிடும், அது அடுத்த தடை. முட்டி நிற்கும் முளையில் எத்திலீன் என்ற வாயு ஹார்மோன் கூடும், செல்கள் நீளாமல் பருக்கும். அது செடிக்கு நல்லதுதான், தடித்த தண்டு பொருக்கை முட்டித் திறக்கும். ஆனால் இறுகிய மண்ணில் இந்த வாயு வெளியேற வழியில்லாமல் வேரைச் சுற்றியே தேங்கினால் வேரும் நீளாமல் நின்றுவிடும், 2021இல் வந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது.

இத்தனை தடைகளுக்கு நடுவே, டானிக் என்று வாங்கித் தண்டை நீளவைக்கும் ஜிப்ரலிக் அமிலம் தெளித்து என்ன ஆகப்போகிறது? நெல் நாற்று நெடுநெடுவென வளர்ந்து வெளிறிப்போகும் பக்கானே நோயை ஆராய்ந்தபோதுதான் இந்தப் பொருளே தெரியவந்தது. பூஞ்சை சுரக்கும் ஏதோ ஒன்றுதான் அதற்குக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர் குரோசாவா 1926இல் காட்டினார். நீளம் வந்துவிட்டால் பலமும் வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது.

என் யோசனை இதுதான். ஈரம் காய்வதற்குள் முள்கிளையைக் கட்டி மேலாக இழுத்துப் பொருக்கை உடையுங்கள். மண்ணைச் சோதித்துக் களர், அதாவது சோடியம் மிகுந்த மண் என்று வந்தால் ஜிப்சம் போடுங்கள், தொழுஉரத்தைக் கூட்டுங்கள். டானிக் பற்றி அப்புறம் பேசலாம்.