பாப்பாவின் காய்ச்சல்: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

மார்ச் 3
பாப்பாவுக்குக் காய்ச்சல் தொடங்கி 12 நாள். காலையில் ஓடி விளையாடுகிறாள். பொழுது சாய்ந்தால் உடம்பு கொதிக்கிறது. விடியற்காலையில் தலையணை உறை வேர்வையில் ஊறிக் கிடக்கிறது. டிங்கி இல்லையாம். கிளினிக்கில் மூன்றாவது தடவையும் அதே காய்ச்சல் மருந்து.

மார்ச் 6
இடது காலை ஊன்ற மறுக்கிறாள். விழவும் இல்லை. அரசாங்க மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்றார். அப்புறம் கேட்டார்: "காய்ச்சாத பால் குடித்தாளா?"

இத்தனை நாளாக யாருமே கேட்கவில்லை. மாமாவின் டம்ளர்தான் கண்முன் நின்றது. லயத்துக்குப் பின்னால் கறந்த சூட்டோடு, நுரை தளும்ப, "சளிக்கு நல்லதும்மா" என்று பேத்திக்கு ஊட்டிய ஆட்டுப்பால்.

மார்ச் 11
புருசெல்லோசிஸ். ஆடு மாடுகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கிருமி நோயாம். ஆடு குறைமாதத்தில் குட்டி வீசினால் இதையும் சந்தேகிக்க வேண்டுமாம். போன மாதம் மாமாவின் ஆடுகள் இரண்டு குட்டி வீசின. நஞ்சுக்கொடியை அத்தை வெறுங்கையால்தான் அள்ளிப் புதைத்தார்.

இரத்தம் அனுப்பும்போதே ஆய்வகத்துக்குச் சொல்லிவிட்டார்களாம். பினாங்கில் ஒரே பண்ணையின் பச்சைப்பால் குடித்த 79 பேருக்கு இது வந்தபோது, ஆய்வக ஊழியர் நால்வருக்கும் தொற்றியிருக்கிறது.

6 வயதுதான் என்பதால் கோ-டிரைமாக்சசோலும் ரிஃபாம்பிசினும், 6 வாரம். 8 வயதைத் தாண்டியிருந்தால் டாக்சிசைக்ளின் கொடுப்பார்களாம்.

மார்ச் 13
பாப்பா கழிவறையிலிருந்து அலறினாள். சிறுநீர் கெட்டிச் சாயம் போல ஆரஞ்சு நிறம். ரிஃபாம்பிசின் அப்படித்தான் என்று நர்ஸ் மிஸ்ஸி முன்பே சொல்லியிருந்தும் எனக்குக் கை நடுங்கியது.

மார்ச் 20
காய்ச்சல் விட்டு நான்கு நாள். "இன்னும் எதுக்கும்மா மருந்து?" என்கிறார் மாமா. கிருமி உடம்பின் உயிரணுக்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கும், பாதியில் விட்டால் திரும்பி வரும் என்று சொன்னேன். தலை குனிந்துகொண்டார். அவரை யாரும் குறை சொல்லவில்லை. பாசத்தில் கொடுத்த பால் அது.

மார்ச் 27
வீட்டில் எல்லாருக்கும் பரிசோதனை. மூத்தவனுக்கும் அத்தைக்கும் இல்லை. மாமாவுக்கு இருக்கிறது. மாதக்கணக்கில் தைலம் தேய்த்த முதுகுவலி இதுதான். கால்நடைத் துறையினர் வந்து ஆடுகளிடமும் இரத்தம் எடுத்தார்கள்.

ஏப்ரல் 22
பாப்பாவுக்குக் கடைசி வேளை மருந்து. நொண்டாமல் பள்ளிக்குப் போனாள். மாமாவுக்கு இன்னும் பல வாரம் உண்டு. காலையில் வெறும் வயிற்றில் அவர் மாத்திரையை விழுங்கியதும், நாட்காட்டியில் பேத்திதான் கோடு போடுகிறாள்.