எந்த ஹானரபிள்? கானாவுக்குக் குடிவந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய எம்.பி. விவகாரங்கள்

அக்ராவிலோ டெமாவிலோ வீடு பிடித்துக் குடியேறிய சில வாரங்களிலேயே 'ஹானரபிள்' என்ற சொல் காதில் விழத் தொடங்கிவிடும். வாசலில் சாக்கடை அடைத்துக்கொண்டால், "ஹானரபிளைப் போய்ப் பாருங்கள்" என்பார் காவலாளி. புதிதாக வந்தவர்கள் தடுமாறுவது இங்கேதான். கானாவில் நாடாளுமன்ற உறுப்பினரும் ஹானரபிள்தான், நம்மூர் வார்டு கவுன்சிலரைப் போன்ற அசெம்பிளி உறுப்பினரும் ஹானரபிள்தான். சாக்கடைக்காக எம்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்தால் மரியாதையாக வாங்கி வைத்துக்கொள்வார்கள். வேலை நடக்காது.

சாக்கடை, குப்பை, வீட்டு வரி, கடை நடத்துவதற்கான வருடாந்திர அனுமதி எல்லாம் உள்ளூர் அசெம்பிளியின் பொறுப்பு. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் கட்சிச் சின்னம் இல்லாத தேர்தலில் ஜெயித்து வருகிறவர்கள். மீதிப் பேரை ஜனாதிபதி நியமிக்கிறார். அசெம்பிளியின் நிர்வாகத் தலைவரையும் அவரே முன்மொழிவார், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஒப்ப வேண்டும். தொகுதி எம்.பி.க்கும் அங்கே நாற்காலி உண்டு, ஓட்டு கிடையாது. பொது நிதியிலிருந்து தொகுதி வேலைக்கென்று அவருக்கு ஒரு பங்கு வரும், அதுவும் அசெம்பிளி வழியாகத்தான் செலவாகும். மாவட்ட அலுவலகத்தோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை என்றால் பள்ளிக்கூட மேசைகூட நகராது.

இங்கே மாநிலச் சட்டமன்றம் கிடையாது. அதனால் எம்.எல்.ஏ. என்று நடுவில் ஒருவர் இல்லை. இருப்பது ஒரே அவை, 276 தொகுதிகள், நான்கு வருடப் பதவிக்காலம். அக்ராவின் ஓசு பகுதியில் குடியிருந்தால் உங்கள் தொகுதி கிளொட்டே கோர்லே. டெமா என்றால் கிழக்கு, மத்தி, மேற்கு மூன்றில் எது என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். டெமா மேற்குக்கு முனிசிபல் அசெம்பிளியும் தனி. அவை செவ்வாய் முதல் வெள்ளி வரை கூடும். எம்.பி.யைத் தொகுதியில் பிடிப்பதற்கு வாரக்கடைசியும் திங்களும்தான் தோது. அமைச்சர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் எம்.பி.க்களாக இருக்க வேண்டும் என்பது அரசியல் சட்ட விதி. உங்கள் எம்.பி. அமைச்சராகிவிட்டால் அந்த நாட்களிலும் அவரைப் பிடிப்பது சிரமம்.

ஓட்டில்லாத நமக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு மொபைல் மணி, அதாவது கைபேசி வழியாகப் பணம் அனுப்புவதற்குப் போட்ட வரியின் கதை ஒன்றே போதும். 2020 டிசம்பர் தேர்தலில் (அப்போது 275 தொகுதிகள்) ஆளும் கட்சியான என்.பி.பி. 137, எதிர்க்கட்சியான என்.டி.சி. 137, ஃபோமெனா தொகுதியில் ஒரு சுயேச்சை என்று முடிவு வந்தது. அந்தச் சுயேச்சை என்.பி.பி. பக்கம் உட்கார்ந்தார், வித்தியாசம் ஒரே ஓட்டு. சபாநாயகரோ என்.டி.சி.யைச் சேர்ந்த ஆல்பன் பாக்பின். ஆளும் தரப்பின் துணைச் சபாநாயகர் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தால் அவருடைய ஓட்டு கணக்கில் வருமா, வராதா? 2021 நவம்பர் பட்ஜெட்டில் மின்னணுப் பணப்பரிமாற்ற வரி அறிவிக்கப்பட்டதும் எல்லாம் இந்த ஒரு கேள்வியில் வந்து நின்றது. டிசம்பரில் அவைக்குள்ளேயே கைகலப்பு நடந்தது. ஓட்டு உண்டு என்று 2022 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே மாதம் 29ஆம் தேதி எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்ய, மசோதா நிறைவேறியது. மே 1 முதல் 1.5 சதவீதம் வரி. நாளொன்றுக்கு 100 சேடி (கானா நாணயம்) வரை விலக்கு. 500 சேடி அனுப்பினால் 400க்கு வரி, அதாவது 6 சேடி. தொலைபேசி நிறுவனத்தின் கட்டணம் தனி. வீட்டு வேலை செய்பவருக்குச் சம்பளம் அனுப்புகிற தமிழ்க் குடும்பமும், சந்தையில் தக்காளி விற்கிற அம்மாவும் ஒரே கணக்கில்தான் கட்டினார்கள். 2023 ஜனவரியில் 1 சதவீதமாகக் குறைந்தது. என்.டி.சி. 180க்கும் மேற்பட்ட இடங்களோடு ஆட்சிக்கு வந்த பிறகு, 2025 ஏப்ரலில் வரியே ஒழிந்தது.

தொழில் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. எந்த மசோதாவும் அவைக்கு வருவதற்குக் குறைந்தது 14 நாள் முன்பு அரசிதழில் வெளியாக வேண்டும். அவசரம் என்று அவைக்குழு சான்று கொடுத்தால் மட்டுமே விலக்கு. அந்த நாட்களிலும், பிறகு மசோதா குழுவிடம் இருக்கும்போதும், எழுத்து மூலம் கருத்துக் கொடுக்கலாம். தனியாக எழுதுவதைவிடத் தொழில் சங்கம் வழியாகக் கொடுப்பது எடுபடும். நிறைவேறிய பிறகு எம்.பி.யைப் போய்ப் பார்ப்பதில் பயனில்லை.

பண விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். அரசியல் கட்சிக்குக் கானா குடிமக்கள் மட்டுமே நன்கொடை தரலாம் என்று அரசியல் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. பொருளாகக் கொடுப்பதும் நன்கொடைதான். தேர்தல் நேரத்தில் டி-சர்ட், அரிசி மூட்டை, வேன் என்று கேட்டு வருவார்கள். "நான் வெளிநாட்டுக்காரன், சட்டம் இடம் கொடுக்காது" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. துக்க வீட்டுக்கு மொய் கொடுப்பது வேறு. அது இந்த ஊரில் அக்கம்பக்கத்துக் கடமை.

வருடக்கணக்கில் இருந்து குடியுரிமை வாங்கியவர்கள் ஓட்டுப் போடலாம். தேர்தலில் நிற்பதென்றால் இன்னொரு நாட்டுக்கு விசுவாசம் இருக்கக் கூடாது. இந்தியர்களுக்கு இதில் சிக்கல் குறைவு, வேறு குடியுரிமை ஏற்றதுமே இந்தியக் குடியுரிமை போய்விடும். இரட்டைக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளும் இலங்கைத் தமிழர்கள்தான் அசின் வடக்குத் தொகுதி வழக்கைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அங்கே ஜெயித்த ஜேம்ஸ் ஜாச்சி குவேசன், 2020 அக்டோபரில் மனுத் தாக்கல் செய்தபோது கனடியக் குடியுரிமையிலிருந்து முழுமையாக விடுபட்டிருக்கவில்லை. விடுவிப்புச் சான்று நவம்பரில்தான் கிடைத்தது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர் தேர்வு செல்லாது என்றது. ஜூன் 27 இடைத்தேர்தலில் அதே மக்கள் அவரையே மறுபடி அனுப்பினார்கள். மனுக் கொடுக்கும் நாளில் காகிதம் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

தேர்தல் டிசம்பர் 7. சொந்த ஊரில் ஓட்டு வைத்திருக்கும் வேலையாட்கள் இரண்டு, மூன்று நாள் முன்பே கிளம்பிவிடுவார்கள். ஷிப்ட் அட்டவணையை நவம்பரிலேயே போட்டுவிடுங்கள். வாக்குப்பதிவு காலை 7 முதல் மாலை 5 வரை. விரல்ரேகை பார்க்கும் கருவி, விரலில் மை, இரண்டு சீட்டுகள். ஜனாதிபதிக்கு ஒரு கட்சி, எம்.பி.க்கு வேறு கட்சி என்று பெருவிரல் பதித்தால் அதற்கு 'ஸ்கர்ட் அண்ட் ப்ளவுஸ்' ஓட்டு என்று பெயர். பாவாடை ஒரு துணி, சட்டை வேறு துணி. எண்ணிக்கை அதே சாவடியில், எல்லோர் கண் முன்னாலும் நடக்கும். அதிகாரி ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்ட, சுற்றி நிற்பவர்கள் கூடவே எண்ணுவார்கள். முடிவை எழுதிய இளஞ்சிவப்புப் படிவத்தின் நகல், இங்கே 'பிங்க் ஷீட்', கட்சி முகவர்கள் கைக்குப் போகும்.

பிரச்சினை கிளம்புவது பெரும்பாலும் அங்கே அல்ல, எல்லாப் படிவங்களையும் கூட்டும் தொகுதி கொலேஷன் சென்டரில்தான். 2024இல் அக்ராவின் அப்லெகூமா வடக்கில் இப்படித்தான் கூட்டல் தடைபட்டது. பிறகு 2025 ஜூலையில் 19 சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடத்தி முடிக்கும் வரை அந்தத் தொகுதிக்கு எம்.பி.யே இல்லை. தேர்தல் இரவில் அந்த மையங்கள் இருக்கும் தெருக்கள் பக்கம் வண்டியை எடுக்காதீர்கள். எந்தப் பள்ளிக்கூடம், எந்த மண்டபம் என்று முந்தின நாளே காவலாளியிடம் கேட்டு வையுங்கள்.