காயவில்லை, இறுகுகிறது

வாளையாருக்கு இந்தப் பக்கம், கேரள எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். போன வாரம் தளம் போட்டாயிற்று. மறுநாளே கொத்தனார் அண்ணன் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தச் சொன்னார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை, "காயட்டும்ப்பா, அதுக்குள்ள ஏன் நனைக்கிற?" என்றார்.

நியாயமான கேள்விதான். ஆனால் சிமெண்ட் காய்ந்து கெட்டியாவதில்லை. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுமார் 1450 டிகிரி செல்சியஸில் சுட்டால் கிடைக்கும் கிளிங்கரில் கால்சியம் சிலிகேட்டுகள் இருக்கின்றன, அவை தண்ணீரோடு வினைபுரிந்து பசை மாதிரி ஒன்றாக மாறி மணலையும் ஜல்லியையும் இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன, அப்போது சூடும் வெளியாகும். ஈரம் போய்விட்டால் வினையும் நின்றுவிடும். அப்புறம், கிளிங்கரை அரைத்துச் சிமெண்ட் பொடியாக்கும்போது கொஞ்சம் ஜிப்சம் சேர்ப்பார்கள். இல்லையென்றால் கிளிங்கரில் உள்ள அலுமினேட் என்ற இன்னொரு சேர்மம் முந்திக்கொண்டு தண்ணீரோடு வினைபுரிந்து கலவையைச் சட்டியிலேயே இறுக வைத்துவிடும்.

எங்கள் ஊரில் நிஜமான வில்லன் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. மேல்பரப்பு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே போகும், அசந்தால் மயிரிழை வெடிப்பு விழும். 28 நாள் வலிமை என்று சொல்கிறார்களே, அது சோதனைக்கு வைத்த கணக்கு, அதற்குப் பிறகும் வினை மெதுவாக நடந்துகொண்டுதான் இருக்கும்.

இப்போது காலையில் ஹோஸ் பிடிப்பது அம்மாதான்.