'அசப்ய' எண்டு எழுதின அந்த ஒரு சொல்லு

இதை எழுதோணுமா வேண்டாமா எண்டு கனநாள் யோசிச்சுக்கொண்டு இருந்தனான். போன கிழமை தெரிஞ்ச ஒரு ஆளின்ர தங்கச்சி ராத்திரி 11 மணிக்கு கோல் எடுத்து அழுதா, ஒருத்தன் என்ர அந்தரங்கப் படத்தை வச்சு மிரட்டுறான், அக்கா நான் இப்ப முதல்ல என்ன செய்ய எண்டு. ஒண்டையும் அழிச்சுப் போடாத எண்டுதான் வாயில முதல் வந்திது. ஏனெண்டா நான் அழிச்சனான்.

என்ர கதை இதுதான். ரெண்டரை வருசம் பழகின பெடியன். பிரிஞ்சு நாலு மாசம் கழிச்சு, திரும்பி வா, இல்லாட்டி நீ எனக்கு அனுப்பின அந்த ரெண்டு படத்தையும் கொம்மாவுக்கு அனுப்புவன் எண்டு வாட்ஸ்அப்ல போட்டான். பிறகு காசும் கேட்டான். நான் கெஞ்சினன், ஏசினன், கடைசியில ப்ளொக் பண்ணினன். ரெண்டு நாளால என்ர பேரிலயே ஒரு ஃபேஸ்புக் அக்கவுண்ட், அதில ஒரு படம். மச்சாள்தான் முதல்ல கண்டவ, நான் வெள்ளவத்தை மார்க்கெட்டுக்குள்ள மீன் வாங்கிக்கொண்டு நிக்கேக்க எடுத்து, நீ எங்க நிக்கிறாய், பக்கத்தில ஆரும் நிக்கினமோ எண்டு கேட்டா. அந்தக் கேள்வியிலயே எனக்கு விளங்கிட்டுது.

பயத்தில அவனோட கதைச்ச சட் (chat) முழுக்க டிலீட். போன்ல கிடந்த படங்களும் டிலீட். சிநேகிதப் பிள்ளையள் ஒரு இருபது பேர் சேந்து அந்த அக்கவுண்டை ரிப்போட் பண்ண, பின்னேரமே அது காணாமப் போச்சு. எல்லாரும் சந்தோசப்பட்டம். அடுத்த நாள்தான் ஒரு ஆள் கேட்டா, அந்த அக்கவுண்டின்ர லிங்க் எடுத்து வச்சனியா எண்டு. இல்லை. ஸ்கிரீன்ஷொட் ஒண்டு இருந்திது, ஆனா பேரும் படமும் மட்டும்தான், மேல லிங்க் தெரியேல்ல. ஃபேஸ்புக்கில பேரை மாத்தலாம், விசாரிக்கிற ஆக்களுக்கு அந்த லிங்க்தான் தேவை. நாங்களே ஆதாரத்தைத் துடைச்சு எடுத்துப் போட்டம்.

ரெண்டாவது தரம் அவன் டெலிகிராம் குரூப் ஒண்டில போடேக்க கொஞ்சம் புத்தி வந்திட்டுது. லிங்க், திகதி, நேரம், போட்ட ஆளின்ர யூசர் நேம், எல்லாம் தெரியிற மாதிரி எடுத்தன், மச்சாளின்ர போன்லயும் திறந்து ஸ்கிரீன் ரெக்கோர்ட் பண்ணினன், எல்லாத்தையும் ஒரு பென் ட்ரைவில போட்டு அவவிட்டயே குடுத்து வச்சன். டிலீட் பண்ணின சட்டில கொஞ்சம் பழைய பேக்கப்பில இருந்து வந்திது, கடவுள் புண்ணியம், அந்த 'கொம்மாவுக்கு அனுப்புவன்' அதுக்குள்ள இருந்திது. கேஸ் இண்டைக்கு நிக்கிறதே அந்த ஒரு வரியிலதான்.

பிறகு பொலிஸ். எந்த ஸ்டேஷன் எண்டு சொல்லேல்ல. பெண்கள் சிறுவர் பிரிவுக்குத்தான் அனுப்பினவை, ஆனா அண்டைக்கு அங்க இருந்தவ முதல் கேட்டதே ஏன் தங்கச்சி இப்பிடிப் படம் எடுத்தனி எண்டுதான். தமிழ் தெரிஞ்ச ஆள் லீவாம். எனக்கு சிங்களம் கதைக்கத் தெரியும், பஸ்ஸுக்கும் கடைக்கும் ஒபிஸுக்கும் காணும், இதுக்குக் காணாது. ஒரு மணித்தியாலம் சொன்னன், அவ சிங்களத்தில எழுதினா, சைன் பண்ணு எண்டா. நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறன், வாசிக்க வாசிக்க அவவுக்கு எரிச்சல் வருது, எனக்கு ஒரு சொல்லுதான் திரும்பத் திரும்ப கண்ணில படுது: அசப்ய. ஆபாசப் படங்கள். நான் அவனுக்கு ஆபாசப் படங்கள் அனுப்பினனாம், அவன் அதைப் பகிர்ந்தவனாம். மிரட்டினது ஒரு வரி. காசு கேட்டது இல்லவே இல்லை.

ஏன் எண்டு விளங்கேல்ல, ஆனா மனசு ஒத்துக்கொள்ளேல்ல. நாளைக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டிட்டு சைன் பண்ணாம வந்திட்டன். வாழ்க்கையில நான் செய்த ரெண்டு மூண்டு நல்ல வேலையில அது ஒண்டு.

பெரியம்மாவின்ர மகள் தன்ர சிநேகிதியிட்ட கூட்டிக்கொண்டு போனா, அவ கொழும்பில கோடுகள் இருக்கிற புதுக்கடையில சட்டத்தரணி. அவதான் சொன்னா, இந்த நாட்டில இந்தக் குற்றத்துக்கு எண்டே தனிய ஒரு சட்டம் இல்லை, இருக்கிறதுகளைத் தைச்சு ஒட்டித்தான் போகோணும் எண்டு. ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் எண்டு ஒண்டு 1927இல இருந்து இருக்கு, வெள்ளைக்காரன் காலத்துச் சாமான், அது படம் ஆபாசமோ எண்டுதான் பாக்கும், உன்னைக் கேட்டுத்தான் போட்டாங்களோ எண்டு பாக்காது. அதைத் தூக்கிப் பிடிச்சா, படத்தை எடுத்து அனுப்பினது ஆர் எண்ட கேள்வி உன்ர பக்கமே திரும்பும். அதால உன்ர வாயால ஆபாசம் எண்ட சொல்லே வரக்கூடாது. மிரட்டினான், கப்பம் கேட்டான், என்ர சம்மதம் இல்லாம போட்டான், என்ர பேரில கள்ள அக்கவுண்ட் திறந்தான், இந்த வரிசையில சொல்லு எண்டா. தண்டனைச் சட்டக்கோவையில 345 பாலியல் தொந்தரவு, அஞ்சு வருசம் வரைக்கும் போகலாம், அதோட குற்றமுறையான மிரட்டல், கப்பம். அவன் என்ர அக்கவுண்டுக்குள்ள பூந்து எடுத்திருந்தா 2007ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டமும் வந்திருக்கும், இது நானே அனுப்பினது எண்டபடியா அது இல்லை.

2024இல வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் (Online Safety Act) இருக்கு. சிரிப்பு என்னெண்டா, அது வரேக்க பேச்சுச் சுதந்திரத்துக்கு ஆபத்து எண்டு போஸ்ட் ஷேர் பண்ணினதில நானும் ஒரு ஆள். இப்பவும் அந்தக் கருத்து மாறேல்ல. ஆனா ஒரு ஆளைத் தொந்தரவு செய்யவெண்டு அவரின்ர தனிப்பட்ட தகவலைப் பரப்புறதும் அதில குற்றம், நீதவான் நீதிமன்றத்தில மனுவும் சத்தியக்கடதாசியும் போட்டு, பரப்புறதைத் தடுக்கச் சொல்லிக் கேக்கவும் வழியிருக்கு. லோயர் அக்கா அதைக் கையில வச்சிருப்பம், தேவைப்பட்டா போடுவம் எண்டா. காசு கட்ட வசதியில்லாத ஆக்களுக்கு சட்ட உதவி ஆணைக்குழு அங்கயே புதுக்கடையிலதான் இருக்கு, போய் வருமானத்தைச் சொல்லிக் கேக்கலாம்.

அவவே தமிழில ரெண்டு பக்கத்தில முறைப்பாட்டை எழுதித் தந்தா, ஆதாரம் எல்லாத்துக்கும் நம்பர் போட்டு. தமிழும் அரச கரும மொழி, உன்ர மொழியில குடுக்கிறது உன்ர உரிமை எண்டு சொல்லி விட்டா. கோட்டையில சிஐடியின்ர கணினிக் குற்றப் பிரிவில குடுக்கிறது எண்டு முடிவு. அப்பாவுக்கு அது வரைக்கும் ஒண்டும் தெரியாது, அண்டைக்குத்தான் சொன்னம். படத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேக்கேல்ல, நாலாம் மாடிக்கோ போறாய் எண்டுதான் கேட்டார், முகம் வெளிறிப் போச்சு. சிஐடி கட்டடத்தைத்தான் நாலாம் மாடி எண்டுறது, எங்கட ஆக்களைப் பிடிச்சுக்கொண்டு போய் விசாரிச்ச இடம், எங்களுக்கு அது வேற கதை. தானும் வருவன் எண்டு 100 பஸ்ஸில கூடவே வந்து, மூண்டு மணித்தியாலம் வெளியில நிண்டவர். உள்ளுக்க எனக்கு நடந்தது ஒரு சாதாரண ஒபிஸ் வேலைதான், வாங்கினாங்க, கேட்டாங்க, எழுதினாங்க, தமிழ் தெரிஞ்ச ஒரு தம்பி வாசிச்சுக் காட்டினார், இந்த முறை சைன் பண்ணினன்.

படத்தை இறக்கிற வேலை தனி. அது கேஸுக்காகக் காத்துக்கொண்டு இருக்கிறேல்ல, ஆதாரம் எடுத்த உடனே துவங்கோணும். ஹிதவதிக்கு கோல் எடுத்தன், பெண்களுக்கு இப்பிடி ஒன்லைனில ஏதும் நடந்தா வழி சொல்லிக் குடுக்கிற இலவச சேவை, எங்க எப்பிடி ரிப்போட் பண்ணுறது எண்டு ஒவ்வொண்டா சொல்லித் தந்தவை. ஸ்டொப் என்சிஐஐ (StopNCII.org) எண்டு ஒரு தளம் இருக்கு, 18 வயசுக்கு மேல உள்ள ஆக்களுக்கு. படத்தை அனுப்பத் தேவையில்லை, உங்கட போனுக்குள்ளயே அதுக்கு ஒரு ஹாஷ், கைரேகை மாதிரி ஒரு இலக்கம், அதை மட்டும்தான் எடுக்கும். ஃபேஸ்புக், இன்ஸ்டா, டிக்டொக் மாதிரி சேந்திருக்கிற தளங்கள் அந்த இலக்கத்தை வச்சு அதே படம் வந்தா பிடிக்கும். ஆனா ஹாஷ் எடுக்க படம் உங்கட கையில இருக்கோணுமே! நான்தான் டிலீட் பண்ணிட்டனே. அவன் போட்ட இடத்தில இருந்து நானே டவுன்லோட் பண்ண வேண்டி வந்திது. அந்தப் பத்து நிமிசத்தைப் பற்றி எழுதேல்ல. அதோட, வெட்டி எழுத்துப் போட்ட படத்துக்கு வேற ஹாஷ், அதையும் தனியக் குடுக்கோணும். கேஸ் நம்பரும் பின் (PIN) நம்பரும் தருவினம், அதைத் துலைச்சா திரும்பிப் பாக்கேலாது. தனிப்பட்ட சட்டில கை மாறிப் போறதுக்கு இது ஒண்டும் செய்யாது.

கூகுளிலயும் ஃபோர்ம் இருக்கு, தேடினா வராமச் செய்யும், தளத்தில இருந்து அழிக்காது. வெளிநாட்டுத் தளம் ஒண்டு எத்தினை மெயில் போட்டும் அசையேல்ல, லோயர் அக்கா கேட்டா செல்ஃபியோ எண்டு. ஓம். அப்ப எடுத்த ஆள் நீ, கொப்பிரைட் உனக்கு, அப்பிடி எழுது எண்டா. எழுதினன். மூண்டாம் நாள் இறங்கிட்டுது. என்ர மானத்துக்கு அசையாதவன் கொப்பிரைட்டுக்கு அசைஞ்சான். டெலிகிராம்தான் ஆகலும் இழுத்தது, ஒரு மாசத்துக்கு மேல.

அவனைக் கூப்பிட்டு வாக்குமூலம் எடுத்து, போனை எடுத்து, பி ரிப்போட் (விசாரணையைப் பற்றி பொலிஸ் கோட்டுக்குக் குடுக்கிற அறிக்கை) போட்டு, புதுக்கடை நீதவான் நீதிமன்றத்தில ஆஜர் பண்ணினதுக்கு நாலு மாசம். பிணை குடுத்தாச்சு, என்னோட எந்தத் தொடர்பும் வச்சிருக்கக் கூடாது எண்டு நிபந்தனை. பிறகு தவணை, தவணை, தவணை. போன் ரிப்போட் வரேல்ல எண்டு ரெண்டு தரம் பின்போட்டாச்சு.

போன தவணைக்கு அவன்ர அம்மா வந்தவ. வெளி விறாந்தையில என்னட்ட வந்து கையைப் பிடிச்சு, பிள்ளை, அவனுக்கு கனடாவுக்கு அலுவல் சரி வருது, நீ வாபஸ் வாங்கினா நல்லா இருப்பாய் எண்டா. பாவமாத்தான் இருந்திது, எத்தினை நாள் அவவின்ர கையால சாப்பிட்டிருப்பன். லோயரோட கதையுங்கோ மாமி எண்டு சொல்லிட்டு உள்ளுக்க போயிட்டன். அடுத்த தவணை வாற மாசம்.