நிறுத்திவைக்கவும் காசு வேண்டும்

கொழும்பில் கணிய அளவையியலாளராக வேலை செய்கிறேன். ஒரு கட்டடத்தை எழுப்ப என்ன செலவாகும் என்று கணக்கிட்டுச் சொல்வதுதான் என் தொழில். அதே கட்டடத்தைப் பாதியில் நிறுத்திவைக்க என்ன செலவாகும் என்று 2022 வரை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. அந்த ஆண்டிலும் யாரும் கேட்கவில்லை. நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

அப்போது கொம்பனித்தெருப் பக்கம், பேரே வாவிக்குக் கூப்பிடு தூரத்தில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு வேலையில் இருந்தேன். நிலக்கீழ் தளங்கள் முடிந்து, வீதி மட்டத்துக்கு மேல் சில மாடிகள் ஏறியிருந்தன. மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாயின் பிடியைத் தளர்த்தியது. இருநூறு ரூபாயை ஒட்டிக் கிடந்த டொலர் இரண்டு மாதத்தில் 360ஐ எட்டியது. ஏப்ரல் 8ஆம் திகதி, வங்கிக் கடன் வட்டிக்கு அடிப்படையான மத்திய வங்கியின் கொள்கை வட்டி ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகள் ஏறியது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. செய்தியில் இவை மூன்றும் வெவ்வேறு தலைப்புகள். வேலைத்தளத்தில் எல்லாம் ஒன்றாகவே வந்து இறங்கின. முந்திய ஆண்டின் தொடக்கத்தில் ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்த சீமெந்துப் பை மூவாயிரத்தை நோக்கிப் போனது. இரண்டு மாதக் கடனுக்குக் கம்பி இறக்கிய வியாபாரி முற்பணம் கேட்டார். அவர் அனுப்பிய விலைக்கூறின் அடியில் ‘இன்று மாலை நான்கு மணி வரை மட்டுமே செல்லுபடியாகும்’ என்று எழுதியிருந்தது. இந்தத் தொழிலுக்கு வந்த நாள்முதல் அப்படி ஒரு வரியை நான் பார்த்ததில்லை.

விலையேற்றத்தைச் சமாளிக்க எங்களிடம் ஒரு சூத்திரம் உண்டு. கட்டட நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை மாதந்தோறும் வெளியிடும் விலைச் சுட்டெண்களைக் கொண்டு, ஒப்பந்தத் தொகையில் ஏற்றஇறக்கத்தைக் கணக்கிடுவோம். விலை ஆறுதலாக நகரும் காலத்தில் அது நியாயமான ஏற்பாடு. ஆனால் கம்பிக்குக் காசு இன்றே போகிறது, சுட்டெண் பின்னால்தான் வருகிறது, பில் பாஸாகிக் காசோலை கைக்கு வருவது அதற்கும் பின்னால். வங்கிக் கடன் வட்டி 25 வீதத்தைத் தாண்டிய ஆண்டில் அந்த இடைவெளியே ஓர் ஒப்பந்தகாரரைத் தெருவுக்குக் கொண்டுவரப் போதும். இந்தச் சூத்திரம்கூட இல்லாத தனியார் ஒப்பந்தங்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. நிலையான விலை என்று கையெழுத்து வைத்தவர்களுக்கு, ஒவ்வொரு மாடி ஏறும்போதும் நட்டமும் கூடவே ஏறியது.

ஆகவே வேலை நின்றது. டீசல் வரிசைகளும் நீண்ட மின்வெட்டும் முடிவை இன்னும் விரைவாக்கின. செய்து முடித்த வேலையை அளந்து கணக்கை முடித்துத் தரும்படி என்னை அங்கேயே விட்டார்கள். அப்படி இருந்ததால்தான், நின்றுபோன கட்டடம் சும்மா நிற்பதில்லை என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

முதலில் தண்ணீர். வாவியை ஒட்டிய நிலத்தில் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று வந்துவிடும். நிலக்கீழ் தளம் என்பது உண்மையில் நீருக்குள் அமிழ்த்தி வைத்த வெறும் கொங்கிரீட் பெட்டி. மேலே போதிய மாடிகள் ஏறி அதன் பாரம் அழுத்தும்வரை, கீழிருந்து நிலத்தடி நீர் அதை உயர்த்திக்கொண்டே இருக்கும். எந்த மாடி வரை கொங்கிரீட் போட்டபின் பம்பை நிறுத்தலாம் என்பதை வடிவமைப்புப் பொறியியலாளர் வரைபடத்திலேயே குறித்திருப்பார். நாங்கள் அந்த மாடிக்கு இன்னும் வந்திருக்கவில்லை. மின்சாரம் இல்லை, மின்பிறப்பாக்கிக்கு டீசல் இல்லை, உரிமையாளரோ “வேலைதான் நின்றுவிட்டதே, பிறகு எதற்கு டீசல்?” என்று கேட்கிறார். கடைசியில் பொறியியலாளரின் எழுத்துமூல அனுமதியோடு கீழ்த் தளத்துக்குள் நாங்களே தண்ணீரை விட்டோம். உள்ளே தண்ணீரின் பாரம் இருந்தால் வெளியே இருந்து வரும் உந்தலை அது தாங்கும். முறையான தீர்வுதான். ஆனால் சுவரில் அப்போதுதான் பொருத்தியிருந்த மின்குழாய்களும் பெட்டிகளும் அந்தத் தண்ணீருக்கு இரையாயின.

தேங்கிய நீரில் நுளம்பு பெருகும். மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து, மின்தூக்கிக் குழிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வழக்குத் தொடரப் போவதாகச் சொன்னார். அவர் செய்தது சரி. டெங்கு ஒவ்வோர் ஆண்டும் கொழும்பில் உயிர் வாங்குகிறது, கைவிடப்பட்ட வேலைத்தளங்கள் அதற்குப் பெரிய பண்ணைகள். மருந்து தெளிக்க யார் காசு கொடுப்பது என்பதில் உரிமையாளரும் ஒப்பந்தகாரரும் மாறி மாறிக் கடிதம் எழுதினார்கள். கடிதங்கள் நடந்துகொண்டிருந்தபோதே பக்கத்துத் தோட்டத்து நெருக்கமான குடியிருப்புகளின் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. அது எங்கள் குழியிலிருந்துதான் வந்தது என்று நிரூபிக்க முடியாது. எனக்கு அந்தப் பாரம் நெஞ்சிலிருந்து இறங்கவில்லை.

பிறகு கம்பி. அடுத்த மாடிக்காகத் தூண்களின் உச்சியில் நீட்டி விட்டிருந்த கம்பிகளுக்குச் சீமெந்துக் கூழ் பூசினால் கடற்காற்றின் உப்பை ஓரளவு தடுக்கலாம். அடுத்த கம்பியைத் திருகி இணைக்க முனைகளில் வெட்டிய திருகுமரைகளுக்குப் பிளாஸ்டிக் மூடிகள் உண்டு. பூசவும் மூடவும் சில ஆட்களும் சில நாட்களும் போதும். அதற்கான அனுமதி வருவதற்குள் ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். காலி முகத்திடலில் இருந்து வரும் காற்றுக்கு அந்த மரைகள் செம்பழுப்பாகி, விரலால் தடவினால் பொடி உதிர்ந்தது.

ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கணக்கை நான் முடிக்க முடியாது. கம்பி கட்டும் குழு மட்டக்களப்பிலிருந்து வந்தது. அவர்களின் உபஒப்பந்தகாரர் ஒரு நாள் என் மேசைக்கு வந்து நின்றார். “சேர், கட்டின கம்பிக்குக் கொங்கிரீட் போட்டபிறகுதான் காசு என்று எழுதியிருக்கிறீர்கள். கொங்கிரீட் போடாதது எங்கள் குற்றமா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு சொல்லையும் மறுக்க முடியாது. வேலையை அளந்து காசு கணக்கிடும் ஒப்பந்த விதியில் அப்படித்தான் இருந்தது. கட்டி நின்ற கம்பி முழுவதையும் படம் எடுத்து, தூண் வாரியாக அளந்து, தனி உருப்படியாகப் பில்லில் சேர்த்தேன். உரிமையாளரின் பக்கம் அதை வெட்டியது, திரும்பவும் சேர்த்தேன். நீண்ட இழுபறிக்குப் பின் ஒரு பகுதி கிடைத்தது. அதற்குள் குழுவில் பலர் கட்டாருக்கும் சவூதிக்கும் போய்விட்டார்கள். அந்த ஓர் ஆண்டில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக நாட்டைவிட்டு வெளியேறினார்கள். கொழும்பின் திறமையான மேசன்மாரும் கம்பி வேலைக்காரரும் அவர்களில் இருந்தார்கள். இன்று பாரந்தூக்கிகள் மீண்டும் சுழன்றாலும் அந்தக் கைகள் திரும்பி வரவில்லை.

நெருக்கடிதான் எல்லாக் கட்டடங்களையும் நிறுத்தியது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. கொள்ளுப்பிட்டியில் கிராண்ட் ஹயாட் ஹோட்டலுக்காக 2012 வாக்கில் தொடங்கிய கோபுரம், அரசுக்குச் சொந்தமான காப்புறுதி நிறுவனத்தின் பணத்தை விழுங்கியும், 2022க்கு முன்பே இழுபட்டு நின்றது. அதே நகரத்தில், வாவிக்கரையில் 2014 வாக்கில் தொடங்கிய சினமன் லைஃப் இத்தனை அடிகளையும் தாங்கி 2024 ஒக்டோபரில் ஹோட்டலைத் திறந்தது. கடைசி வரைக்குமான பணத்துக்கு வழி வைத்திருந்தவர்களுக்கும், முன்பதிவுப் பணத்தை நம்பி மாடி ஏற்றியவர்களுக்கும் உள்ள வேறுபாடு நெருக்கடியில் வெளியே தெரிந்தது. 1997 ஆசிய நெருக்கடியில் பாங்கொக்கில் நின்றுபோன 49 மாடி சாத்தோன் யூனிக், கால் நூற்றாண்டு கடந்தும் முடிக்கப்படாமல் நிற்கிறது. நின்ற கட்டடம் தானாக எழுந்து நடக்காது.

ஒப்பந்தத்தில் இதற்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. நாங்கள் அதிகம் பயன்படுத்தும் 1999ஆம் ஆண்டின் ஃபிடிக் (ஆலோசனைப் பொறியியலாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு) ஒப்பந்த நிபந்தனைகளின்படி, பொறியியலாளர் வேலையை இடைநிறுத்தச் சொன்னால் ஒப்பந்தகாரர் அதைப் பாதுகாக்க வேண்டும். தவறு அவருடையதாக இல்லாவிட்டால் அந்தச் செலவைக் கேட்கலாம். இடைநிறுத்தம் 84 நாட்களைத் தாண்டினால் மீண்டும் தொடங்க அனுமதி கேட்கலாம்; மேலும் 28 நாட்களுக்குள் அனுமதி கிடைக்காவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் வழிகூட உண்டு. ஆனால் இந்த நிபந்தனைகள் பணம் கொடுக்கக்கூடிய ஓர் உரிமையாளர் எதிரே இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை. காசில்லாமல் நின்ற வேலையில், காப்பதற்கான செலவைப் பிறகு கேட்டு வாங்கலாம் என்ற உரிமையால் ஒரு லீற்றர் டீசல்கூட வராது. அந்தப் பணம் வேலை தொடங்கும் நாளிலேயே தனியாக ஒதுக்கப்பட்டு, யார் கையும் படாமல் வங்கியில் இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

எங்கள் வேலை பின்னர் வேறு முதலீட்டாளரோடு மீண்டும் தொடங்கியது. துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மாதிரிகளை வெட்டி இழுவிசைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். கெட்டுப்போன மரைகள் இருந்த இடங்களில் தூணைத் துளைத்து, எபொக்சிப் பசை இட்டுப் புதிய கம்பி நட்டோம். நிலக்கீழ் தளத்தின் மின்குழாய்களை முழுவதும் கழற்றினோம். அந்தப் பில்லை நானே தயாரித்தேன். பிளாஸ்டிக் மூடியும் சீமெந்துக் கூழும் டீசலும் சேர்ந்தாலும் அதன் ஒரு மூலைக்கு வராது.

இப்போது நான் தயாரிக்கும் ஒவ்வொரு செலவு மதிப்பீட்டிலும் ‘வேலை இடைநிறுத்தக் காலப் பாதுகாப்பு’ என்று ஒரு தொகை சேர்க்கிறேன். பம்பு, மின்பிறப்பாக்கி, நுளம்பு ஒழிப்பு, கம்பிப் பூச்சு, காவல், கட்டி முடித்த வேலைக்கான கூலி எல்லாம் அதற்குள் வரும். சில உரிமையாளர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒப்புக்கொள்கிறார்கள். அண்மையில் ஒருவர், தொடங்கும்போதே அபசகுனமாக இது எதற்கு என்று சிவப்பு மையால் அந்த வரியை அடித்துத் திருப்பி அனுப்பினார். அடுத்த வரைவில், தொகையை ஒரு ரூபாயும் குறைக்காமல், அதே இடத்தில் எழுதி அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.