ட்ரம் ஓரத்து மிளகுத்தூள்

எங்கள் தெருவில் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும் என்பதால், கொல்லையில் இரண்டு நீல ட்ரம்கள் எப்போதும் நிறைந்தே இருக்கும். சென்ற ஐப்பசியில் கொசுப்புழு பார்க்க வீடு வீடாக வந்த பெண் பணியாளர், ஒரு ட்ரம்மைக் கவிழ்க்கச் சொல்லி, உட்புறத்தில் டார்ச் அடித்துக் காட்டினார். தண்ணீர் நின்ற மட்டத்துக்குச் சற்று மேலே மிளகுத்தூள் ஒட்டியதுபோல் கரும்புள்ளிகள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள்.

வாரந்தோறும் தண்ணீரை மாற்றுகிறோம் என்ற என் பெருமை அத்துடன் போயிற்று. ஏடிஸ், பாத்திரத்தின் ஈரமான ஓரத்தில் முட்டையிடுகிறது. அம்முட்டைகள் காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிந்து, ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடுகின்றன. ஆகவே தேங்காய் நாரால் ஓரத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவி, இடைவெளியின்றி மூட வேண்டும். ஃபிரிட்ஜின் பின்புறம் தண்ணீர் தேங்கும் தட்டையும் பார்க்க வேண்டும். தெருவில் அடிக்கும் புகைமருந்து பறக்கும் கொசுவைக் கொல்லுமே தவிர, இந்த முட்டைகளை ஒன்றும் செய்யாது. ஏடிஸ் பகலில் கடிப்பது. நாமோ இரவில் மட்டும் வலை கட்டுகிறோம்.

அதே மாதம் அண்ணன் மகளுக்கு டெங்கு வந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டு அவள் ரசம் சாதம் கேட்டதும் கண்டம் தாண்டியது என்றே நினைத்தோம். இனிமேல்தான் கவனமாக இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். காய்ச்சல் தணிந்த பிறகு வரும் 24 முதல் 48 மணி நேரத்தில்தான், சிலருக்கு நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ச்சத்து கசிந்து ரத்த அழுத்தம் சரிகிறது. டெங்கு வைரஸில் 4 வகைகள் உண்டு. முன்பு ஒரு வகை வந்தவருக்கு வேறொன்று தொற்றினால் இந்த ஆபத்து கூடுகிறது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுதல், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உறவினர்கள் போனில் விசாரித்ததெல்லாம் ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) எத்தனை என்பதைத்தான். பப்பாளி இலைச் சாறு கொடுக்கச் சொன்னவர்கள் பாதிப் பேர். மருத்துவர் தட்டணுவோடு, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்று காட்டும் பி.சி.வி. அளவையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். அது ஏறினால் நீர் கசிகிறது என்று பொருள். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கூடாது என்றார். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் ரத்தக்கசிவைக் கூட்டும். அவள் எத்தனை டம்ளர் கஞ்சியும் இளநீரும் குடித்தாள், எப்போதெல்லாம் சிறுநீர் கழித்தாள் என்பதை, கிழித்த காலண்டர் தாளின் பின்புறத்தில் அண்ணி இரண்டு நாளும் மணி போட்டு எழுதி வைத்தார்.